ஒரே பெயரில் ஆறு கோப்புகள்: பல பதிப்புகளைப் பேணும் நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒரு மென்பொருளின் பழைய பதிப்புகளையும் புதிய பதிப்பையும் ஒரே காலத்தில் பேணிவரும் நிரலாளர்களுக்கும், அப்பணியில் புதிதாகச் சேர்வோருக்கும்,

இம்மடல் பேச வருவது மிகச் சிறிய செயல் ஒன்றைப் பற்றி. ஒரு பதிப்புக்குரிய கோப்புறையில் ஒரு கோப்பைத் திறந்து படித்துக்கொண்டிருப்பவர், பக்கத்துப் பதிப்பின் கோப்புறையில் அதே இடத்தில் இருக்கும் அதே கோப்புக்குத் தாவ விரும்புகிறார். உரைத்திருத்தியில் (நிரலை எழுதவும் திருத்தவும் பயன்படும் எடிட்டரில்) இதற்குச் சில நொடிகள்தான் ஆகின்றன. ஆனால் ஒரு பழுதை ஐந்தாறு பதிப்புகளில் சரிசெய்யும் நாளில் இச்செயல் எத்தனை முறை நிகழ்கிறது என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எந்தக் கோப்புக்கு எந்தக் கோப்பு இணை என்னும் அறிவு பேணுநர்களின் விரல்களில் பழக்கமாகத் தங்கியிருக்கிறதே தவிர எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. அவ்வறிவை விதியாக, அதன் விலக்குகளோடு சேர்த்து எழுதிவைக்க வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள்.

பொதுவாகப் பேசினால் இவ்வேண்டுகோள் காற்றில் கரைந்துவிடும்; ஆதலால் யாவரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வது நல்லது. தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரஸ் ஆண்டுக்கு ஒரு பெரும்பதிப்பை வெளியிட்டு, ஒவ்வொரு பெரும்பதிப்பையும் ஐந்தாண்டுகள் ஆதரிக்கிறது. ஆகவே எந்த நாளில் பார்த்தாலும் ஏறத்தாழ ஐந்து பழைய கிளைகள் உயிரோடு இருக்கும். கிளை என்பது ஒரு பதிப்புக்கென்று பிரிந்து தனியே வளரும் நிரல்தொடர். அடுத்த பதிப்பு உருவாகும் மூலக்கிளையையும் சேர்த்தால் ஆறு. பழுது நீக்கிய சிறுபதிப்புகள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வெளிவருகின்றன. மூலக்கிளையில் கண்டுபிடிக்கப்பட்ட பழுது பழைய கிளைகளிலும் இருக்குமானால், அதே திருத்தத்தை அங்கெல்லாம் கொண்டுசெல்வது அங்குள்ள வழக்கம். இதைப் பின்னொட்டு என்று சொல்லலாம், புதியதில் செய்த ஒட்டுப் பழையவற்றுக்கும் போவதால். ஒரு பின்னொட்டுக்கு ஒரே பெயருடைய ஆறு கோப்புகளைத் திறந்து பார்க்க நேர்வது அங்கே சிறப்பு நிகழ்வன்று, அன்றாட வேலை.

போஸ்ட்கிரஸ் தன் மூலநிரலை 2010 செப்டம்பரில் சிவிஎஸ் என்னும் பழைய பதிப்பாளுமைக் கருவியிலிருந்து கிட் என்னும் கருவிக்கு மாற்றியது. கிட்டில் ஒரே கோப்புறையில் இருந்துகொண்டு கிளைவிட்டுக் கிளை மாறலாம்; மாறும்போது கோப்புகளின் உள்ளடக்கம் மாறிவிடும். ஆனால் போஸ்ட்கிரஸ் போன்ற பெரிய நிரலை ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் மீண்டும் தொகுத்துச் சோதிக்கக் காலம் பிடிக்கும் என்பதால், கிளைக்கு ஒரு கோப்புறை என்று தனித்தனியே வைத்துக்கொள்வதையே அனுபவமுடைய பேணுநர்கள் விரும்புகிறார்கள். இதற்கெனக் கிட்டோடு ஒரு துணைக் குறுநிரல் முன்பே இருந்துவந்தது. 2015 இல் வெளிவந்த கிட் 2.5 பதிப்பில் 'ஒர்க்ட்ரீ' என்னும் கட்டளையாக அவ்வசதி முறையாகச் சேர்க்கப்பட்டது. ஒரே களஞ்சியத்தைப் பகிர்ந்துகொள்ளும் பல வேலைக்கோப்புறைகளை இக்கட்டளை உருவாக்கித் தருகிறது. வரலாறு முழுவதும் ஓரிடத்தில் சேமிக்கப்பட, ஒவ்வொரு கோப்புறையிலும் ஒரு கிளை விரிந்து கிடக்கும். ஒரே கிளையை இரண்டு கோப்புறைகளில் விரிக்க முயன்றால் கிட் பொதுவாக மறுத்துவிடும். ஆறு கிளைகளும் இவ்வாறு அருகருகே கிடக்கும்போதுதான், தாவுதல் என்பது கிளை மாறும் வேலையாக இராமல் கோப்பு மாறும் வேலையாக ஆகிறது. எடிட்டரின் பொறுப்பும் அங்கே தொடங்குகிறது.

அந்தப் பொறுப்பை எடிட்டர்கள் நெடுங்காலம் அரைகுறையாகவே ஏற்றன. ஒரே திட்டத்துக்குள் இணைக்கோப்புக்குத் தாவும் வசதி பழையது: சி மொழியில் ஒரு நிரல்கோப்பிலிருந்து அதன் தலைப்புக்கோப்புக்கும் (செயற்கூறுகளின் அறிவிப்புகள் அடங்கிய கோப்புக்கும்), அங்கிருந்து திரும்பவும் போக ஈமேக்ஸ் எடிட்டரில் ஒரு கட்டளை பல்லாண்டுகளாக உண்டு, நிரலுக்கும் அதன் சோதனைக்கும் இடையே தாவும் நீட்சிகள் ஏறக்குறைய எல்லா எடிட்டர்களுக்கும் கிடைக்கின்றன. திட்டத்தின் வேலியைத் தாண்டிப் பக்கத்துக் கோப்புறைக்குப் போவதுதான் பயனரின் கையில் விடப்பட்டது. கோப்பைத் திறக்கும் கட்டளையைக் கொடுத்து, கீழே தோன்றும் நீண்ட பாதையில் பின்னோக்கி நகர்ந்து, 'பிஜி14' என்றிருப்பதைப் 'பிஜி15' என்று மாற்றி நுழைவுவிசையைத் தட்டுவதே பெரும்பாலோர் செய்வது. இம்முறையை இழிவாகப் பேச வேண்டியதில்லை; எங்கும், எந்தக் கணினியிலும், எந்த அமைப்பும் இன்றி இது வேலை செய்யும். விம் எடிட்டரில் இதையே சற்று நேர்த்தியாகச் செய்யலாம்: நடப்புக் கோப்பின் பெயரைக் குறிக்கும் விழுக்காட்டுக் குறிக்குப் பின், பாதையில் ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல்லை இடும்படி கேட்கும் குறிப்பைச் சேர்த்துவிட்டால், முழுப்பாதையையும் தட்டச்சிடாமலே பக்கத்துப் பதிப்பின் கோப்பு திறக்கும். இவ்வாறு ஒருமுறை திறந்துவிட்டால், கண்ட்ரோல் விசையையும் ஆறாம் எண் விசையையும் சேர்த்து அழுத்தி இரண்டு கோப்புகளுக்கிடையே மாறிமாறிப் போய்வரலாம். இரண்டு பதிப்புகளுக்கு இது போதும். மூன்றாவது வந்தவுடன் போதாது, ஏனெனில் அவ்விசை கடைசியாக விட்டுவந்த ஒரு கோப்பை மட்டுமே நினைவில் வைத்திருக்கும்.

2023 ஜூலையில் வெளிவந்த ஈமேக்ஸ் 29.1 இக்குறையை நேராக எதிர்கொண்டது. 'ஃபைன்ட்-சிப்ளிங்-ஃபைல்' என்று அதில் புதிதாக ஒரு கட்டளை உண்டு. உடன்பிறந்த கோப்பைத் தேடு என்பது பெயரின் பொருள். இக்கட்டளை தானாக எதையும் ஊகிப்பதில்லை. பயனர் எழுதித்தரும் விதிகளின் பட்டியலை மட்டுமே பின்பற்றுகிறது, விதி எழுதாதவருக்கு அதனால் பயனுமில்லை. ஒவ்வொரு விதிக்கும் இரண்டு பகுதிகள். முதற்பகுதி, நடப்புக் கோப்பின் பாதை எவ்வடிவில் இருந்தால் இவ்விதி பொருந்தும் என்று 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என்னும் குறியீட்டு முறையில் சொல்வது. பல எழுத்துத்தொடர்களை ஒரே வடிவக்குறிப்பால் சுட்டும் முறை அது. அவ்வடிவத்தின் எந்தத் துண்டை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அதில் அடைப்புக்குறியிட்டுக் காட்டலாம். இரண்டாம் பகுதி, எடுத்து வைத்த துண்டைக்கொண்டு இணைக்கோப்பின் பாதையை எவ்வாறு கட்டுவது என்று சொல்வது. 'போஸ்ட்கிரஸ் என்னும் கோப்புறைக்குள் ஏதோ ஒரு பெயருள்ள துணைக்கோப்புறை, அதற்குப் பின் வருவது எதுவாயினும் எடுத்து வைக்க' என்பது முதற்பகுதி. 'போஸ்ட்கிரஸ் கோப்புறைக்குள் உள்ள வேறு எந்தத் துணைக்கோப்புறையாயினும், அதற்குப் பின் எடுத்து வைத்தது' என்பது இரண்டாம் பகுதி. இந்த ஒரே வரியில் ஆறு பதிப்புகளும் அடங்கிவிடுகின்றன. பொருந்தும் கோப்பு ஒன்றே என்றால் எடிட்டர் நேரே அங்கே போகிறது. பலவென்றால் எது வேண்டும் என்று கேட்கிறது. பல பதிப்புகளிடையே தாவுவதை விளக்க ஈமேக்ஸ் ஆவணம் தரும் எடுத்துக்காட்டு ஈமேக்ஸின் சொந்தப் பதிப்புகளையே கொண்டது. கருவியைச் செய்தவர்கள் தங்கள் அன்றாடத் தேவைக்காகவே அதைச் செய்தார்கள் என்று கொள்ள அது இடந்தருகிறது.

இதுவரை சொன்னதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எழுதப்பட்ட விதியின் மதிப்பு, அது தோற்கும் இடங்களில்தான் தெரியவரும். போஸ்ட்கிரஸின் 'பிஜிபெஞ்ச்' என்னும் வேக அளவைக் கருவி 9.4 பதிப்பு வரை 'கான்ட்ரிப்' என்ற கோப்புறையில் இருந்தது, 9.5 இலிருந்து முதன்மைக் கருவிகளுக்கான 'எஸ்ஆர்சி/பின்' கோப்புறைக்குக் குடிபெயர்ந்தது. 2017 இல் வெளிவந்த 10-ஆம் பதிப்பில் இதைவிடப் பெரிய பெயர்மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. தரவு மாற்றங்களை அவை நிலைபெறுவதற்கு முன்பே குறித்துவைக்கும் முன்பதிவுக் கோப்புகள் 'பிஜி-எக்ஸ்லாக்' என்ற கோப்புறையில் சேமிக்கப்பட்டு வந்தன. பெயரில் 'லாக்' என்றிருந்ததால் வெறும் நிகழ்வுக்குறிப்புகள் என்று கருதி, இடம் போதாத வேளையில் அவற்றை அழித்துவிட்டுத் தரவுத்தளத்தையே இழந்தோர் உண்டு. அத்தவற்றைத் தடுக்கவே 'பிஜி-வால்' என்று பெயர் மாற்றப்பட்டது. கூடவே 'பிஜி-ரீசெட்எக்ஸ்லாக்' என்ற கருவி 'பிஜி-ரீசெட்வால்' ஆயிற்று, அதன் கோப்புறையும் கோப்பும் ஒருசேரப் பெயர் மாறின. 'பிஜி-ரிசீவ்எக்ஸ்லாக்' கருவிக்கோ கோப்புறை அப்படியே இருக்க, கோப்பின் பெயர் மட்டும் மாறியது. மேற்சொன்ன ஒற்றைவரி விதி இவ்விடங்களில் எல்லாம் வெறுங்கையோடு திரும்பும்: 10-ஆம் பதிப்பின் கோப்பில் நின்றுகொண்டு 9.6 இல் உள்ள இணையைக் கேட்டால், இல்லை என்ற விடைதான் வரும்.

அந்த விடை பேணுநருக்கு நன்மையே செய்கிறது. இல்லை என்று தெரிந்தவுடன் அவர் தேடுகிறார், கண்டுபிடிக்கிறார், வேலையை முடிக்கிறார். ஆனால் கண்டுபிடித்ததை எழுதிவைப்பதில்லை, அடுத்த முறை வேறொருவர் மீண்டும் தேடுகிறார். ஒரு விதிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இரண்டாம் பகுதிகளை எழுத ஈமேக்ஸ் இடந்தருவதால், பழைய பெயரையும் புதிய பெயரையும் அருகருகே எழுதிவிட்டால் போதும்; இரண்டில் எது எந்தக் கோப்புறையில் இருக்கிறதோ அதை எடிட்டர் எடுத்துக்கொள்ளும். 9.6 பதிப்பின் ஆதரவு 2021 நவம்பரில் முடிந்தது. 10-ஆம் பதிப்பு வந்த நாளிலிருந்து அதுவரை நான்காண்டுகளுக்கு மேல் அப்பெயர்ப்பிளவு நிலவியது என்பதை நோக்கினால், இரண்டு வரிகளை எழுதும் உழைப்பு மிகையென்று தோன்றாது.

இல்லை என்று சொல்லாமல் தவறான இடத்துக்கு அழைத்துப்போகும் தோல்வியே அஞ்சத்தக்கது. முன்பதிவுத் தொழிற்பாட்டின் நடுநாயகமான நிரல்கோப்பு 'எக்ஸ்லாக்.சி', பயனர் கண்ணில் படும் கருவிகளுக்கெல்லாம் 'வால்' என்று பெயர் மாறிய பின்னும் இக்கோப்பு மட்டும் பழைய பெயரோடு அதே இடத்தில் நின்றுவிட்டது. 2022 இல் வெளிவந்த 15-ஆம் பதிப்புக்காக, பல ஆயிரம் வரிகளாகப் பெருத்துவிட்ட இக்கோப்பிலிருந்து, செயலிழந்த தரவுத்தளத்தை முன்பதிவுகளைக்கொண்டு மீட்டெடுக்கும் பகுதி பிரிக்கப்பட்டு 'எக்ஸ்லாக்ரிகவரி.சி' என்ற புதிய கோப்பாயிற்று. இதன் விளைவை ஊன்றிப் பார்க்க வேண்டும். மூலக்கிளையின் புதிய கோப்பில் நின்று 14-ஆம் பதிப்பின் இணையைக் கேட்பவருக்கு இல்லை என்ற நேர்மையான விடை கிடைக்கும். அதற்கு எதிர்த்திசையில், 14-ஆம் பதிப்பின் 'எக்ஸ்லாக்.சி'யில் மீட்பை எங்கே நிறுத்துவது என்று முடிவுசெய்யும் செயற்கூற்றைப் படித்துக்கொண்டிருப்பவர் 15-ஆம் பதிப்பின் இணையைக் கேட்டால், எடிட்டர் சிறிதும் தயங்காமல் அங்குள்ள 'எக்ஸ்லாக்.சி'யைத் திறந்துவைக்கும். பெயர் ஒன்று, பாதை ஒன்று, தலைப்புக் குறிப்பும் ஏறக்குறைய ஒன்று; அவர் தேடிய செயற்கூறு மட்டும் அங்கே இல்லை. அச்செயற்கூறு புதிய பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது என்றோ, பழுது அங்கே பொருந்தாது என்றோ அவசரமாக முடிவுகட்டுவது இவ்விடத்தில் எளிது.

பாதையின் ஒப்புமை வேறு, பொருளின் ஒப்புமை வேறு என்பதே இதிலிருந்து பெறப்படுவது. ஆகவே இணைக்கோப்புக்குத் தாவும் வசதியைத் தமக்கென அமைத்துக்கொள்வோர், பாதையோடு செயற்கூற்றின் பெயரையும் உடன் எடுத்துச்செல்லும்படி அமைத்துக்கொள்வது நலம். வரி எண்ணை எடுத்துச்செல்வதால் பயனில்லை. இரண்டு பதிப்புகளுக்கிடையே மேலே நாற்பது வரிகள் சேர்ந்திருந்தால் அதே வரி எண்ணில் வேறொரு செயற்கூறு நிற்கும். சுட்டி எந்தச் செயற்கூற்றுக்குள் நிற்கிறது என்பதைக் கண்டுசொல்லும் ஆற்றல் ஈமேக்ஸுக்கு முன்பே உண்டு. தாவிய பின் அப்பெயரைப் புதிய கோப்பில் தேடி, கிடைக்காவிட்டால் அக்கிளை முழுவதிலும் தேடுமாறு இரண்டையும் பிணைக்கச் சில வரிகள் போதும். கிளையைக் கோப்புறையாக விரிக்காமலே அதனுள் ஒரு சொல்லைத் தேடக் கிட்டின் தேடற்கட்டளை இடந்தருவதால், இந்த இரண்டாம் தேடலும் கடினமானதன்று.

பழைய சுவடிகளைப் பதிப்பித்தோர் கையாண்ட பாடவேறுபாடு என்னும் கருத்து இங்கே நினைவுக்கு வரக்கூடும். ஒரே பாடலின் பல ஏடுகளை அருகருகே வைத்து, எங்கெங்கே சொல் மாறுகிறது என்று குறிப்பது அப்பணி. ஆயினும் ஒப்புமை பாதிவழி வரைதான். சுவடிப் பதிப்பாசிரியர் பல ஏடுகளுக்குப் பின்னால் ஒரு மூலபாடம் இருந்தது என்று கொண்டு அதை நெருங்க முயல்கிறார். நிரலைப் பேணுவோருக்கோ ஆறு பாடங்களும் தத்தம் இடத்தில் சரியான பாடங்களே, ஒன்றை மற்றொன்றால் திருத்திவிடக் கூடாது. 14-ஆம் பதிப்பில் வேறுபட்டிருக்கும் ஒரு வரி பிழையாக இருக்கலாம், அப்பதிப்பின் பயனர்கள் நம்பியிருக்கும் நடத்தையாகவும் இருக்கலாம்.

இத்தனைக்கும் தேவை என்ன, ஒரு கிளையின் திருத்தத்தை எடுத்து மற்றொரு கிளையில் இடும் 'செர்ரி-பிக்' கட்டளையைக் கிட் வைத்திருக்கிறதே, கோப்பின் பெயர் மாறியிருந்தாலும் உள்ளடக்க ஒற்றுமையை வைத்துக் கண்டுபிடித்துவிடுகிறதே என்று கேட்கப்படலாம். கேள்வி நியாயமானது. உள்ளடக்கத்தில் பாதியளவாவது ஒத்திருந்தால் பெயர்மாற்றம் என்று கிட் இயல்பாகக் கொள்கிறது. பிஜிபெஞ்ச் போன்ற இடமாற்றங்களை அது பெரும்பாலும் சரியாகவே கையாளும். பெருங்கோப்பிலிருந்து ஒரு பகுதி பிரிந்து புதுக்கோப்பானால் அவ்வளவை தடுமாறும், ஏனெனில் பழைய பெயரோடு பழைய கோப்பும் அங்கேயே நிற்கிறது. அதைவிட முதன்மையான விடை ஒன்றுண்டு: கட்டளை திருத்தத்தை இடமாற்றுகிறது, அத்திருத்தம் அங்கே பொருந்துமா என்று எண்ணிப் பார்ப்பதில்லை. முரண் இன்றி ஒட்டிக்கொண்ட திருத்தம் சரியான திருத்தம் என்று எவரும் உறுதி கூற இயலாது. சூழ்ந்துள்ள நிரலைப் பேணுநர் படித்தாக வேண்டும், படிப்பதற்கு அங்கே போயாக வேண்டும். படிப்பதற்கு மட்டும் எனில் கோப்புறையை விரிக்கவும் வேண்டியதில்லை, ஒரு கிளையின் கோப்பை அங்கிருந்தபடியே எடுத்துக்காட்டக் கிட்டால் இயலும். அவ்வாறு திறக்கும் கோப்பு திருத்த முடியாததாக இருப்பது ஒருவகைக் காப்பும்கூட.

காப்பு என்ற சொல் இங்கே தற்செயலாக வந்ததன்று. தாவுதல் எளிதாக எளிதாக, எங்கே நிற்கிறோம் என்பதை மறப்பதும் எளிதாகிறது. பாதையைக் கையால் தட்டச்சிட்டுப் போனவர், 14 என்ற எண்ணை விரலால் உணர்ந்தே போனார். ஒரு விசையில் போனவருக்கு அவ்வுணர்வு இல்லை, கண்முன் விரிவதோ முன்பு பார்த்ததைப் போன்றே இருக்கும் கோப்பு. ஒரே பெயருடைய கோப்புகளை ஈமேக்ஸ் 2014 இன் 24.4 பதிப்பிலிருந்து கோப்புறைப் பெயரைக் கோணக்குறிக்குள் சேர்த்துக்காட்டி வேறுபடுத்துகிறது; ஆனால் ஓரத்தில் நிற்கும் அச்சிறு குறிப்பு கண்ணில் படாமல் போவது எளிது. பதிப்பெண்ணைச் சாளரத்தின் மேல்விளிம்பில் தனியே பெரிதாகக் காட்டுவதோ, மூலக்கிளை அல்லாத கோப்புறைகளுக்கு வேறு பின்புல நிறம் கொடுப்பதோ அழகுக்கான வேலை என்று எள்ளப்படலாம். தவறான கிளையில் ஒரு மணிநேரம் திருத்திவிட்டுப் பின் உணர்ந்தோர் அவ்வாறு எள்ளுவதில்லை.

எஞ்சியிருப்பது விதிகளை எங்கே வைப்பது என்பது. ஒவ்வொருவரும் தத்தம் தனி அமைப்புக்கோப்பில் வைத்துக்கொள்வதே இன்று நடைமுறை. அவர் பணியிலிருந்து விலகும் நாளில் விதிகளும் அவரோடு போய்விடுகின்றன. போஸ்ட்கிரஸின் மூலநிரலுக்குள் எடிட்டர்களுக்கென்றே ஒரு கோப்புறை உண்டு. ஈமேக்ஸுக்கும் விமுக்கும் மாதிரி அமைப்புகள் அதில் வைக்கப்பட்டிருக்கின்றன, நிரலை எத்தனை இடைவெளி விட்டு எழுத வேண்டும் என்பன போன்ற வழக்கங்களை அவை சொல்கின்றன. இடைவெளிக்கு இடம் உண்டென்றால் இணைக்கோப்புகளின் பெயர்மாற்றங்களுக்கும் அங்கே இடம் கேட்பது பொருத்தமற்றதாகாது. ஒரு தடை உண்மையானது: கோப்புறைக்குப் 'பிஜி14' என்று ஒருவர் பெயரிடுவார், 'பழையது' என்று இன்னொருவர் பெயரிடுவார், அதைத் திட்டம் கட்டளையிட முடியாது. ஆகவே விதியை இரண்டாகப் பிரிப்பது தகும். கோப்புறைகளின் பெயரும் இடமும் தனிமனிதருக்குரியவை, அவரவர் அமைப்பில் இருக்கட்டும். எந்தப் பதிப்பில் எந்தக் கோப்பு எங்கே பெயர்ந்தது, எது எதிலிருந்து பிரிந்தது என்னும் பட்டியல் எல்லோருக்கும் பொது, அது களஞ்சியத்துக்குள் இருக்கட்டும். அப்பட்டியல் எந்த எடிட்டரின் மொழியிலும் எழுதப்பட வேண்டியதில்லை. வரிக்கு ஒரு பழைய பாதை, ஒரு புதிய பாதை, மாறிய பதிப்பின் எண் என்று வெற்றுரையாக இருந்தாலே ஈமேக்ஸாயினும் விமாயினும் படித்துக்கொள்ளும், எடிட்டரே இல்லாத மனிதரும் படித்துக்கொள்வார்.

அத்தகைய பட்டியல் நீளமாகாது. ஆதரவு முடிந்த பதிப்பைப் பற்றிய வரி எவருக்கும் பயன்படாது என்பதால், ஆண்டுதோறும் பழைய வரிகள் கழிந்துகொண்டே வரும். பிஜிபெஞ்ச் பற்றியும் ரீசெட்வால் பற்றியும் இன்று எழுத வேண்டியதில்லை. எக்ஸ்லாக் கோப்பு பிரிந்ததைக் குறிக்கும் வரி 14-ஆம் பதிப்பின் ஐந்தாண்டுகள் நிறைவுறும் 2026 வரை தேவைப்படும். அதை நீக்கும் நாளில், அதற்குப் பின் பிரிந்த வேறேதோ ஒரு கோப்பின் வரி அதன் கீழே நின்றுகொண்டிருக்கும்.

இங்ஙனம்,
பல பதிப்புகளை அருகருகே வைத்துப் படிப்போருள் ஒருவர்